தூங்கத் தெரிஞ்சவனுக்குத்தான் நாடகம்

நம்ம ஊர் வள்ளி திருமணத்துக்கு அஞ்சு நட்சத்திரத்துல மூணு போட்டியாமே பேராண்டி? உங்க அத்தை மகன் செல்போன்ல காட்டுனான். கண்ணாடியைப் போட்டு எண்ணிப் பாத்தேன். மூணேதான். மிச்சம் ரெண்டு நட்சத்திரம் எங்கய்யா போச்சு? மேகம் மறைச்சிருச்சா?

கீழே காரணம் வேற எழுதியிருக்கே. நீளம் அதிகமாம். நடுவுல இழுவையாம். விடிய விடிய நடக்குற நாடகத்தைப் பாத்து நீளம் அதிகம்னா, ரயிலைப் பாத்து பெட்டி கூடிப்போச்சுங்கிற மாதிரில்ல இருக்கு? நீ ஏறுறது ஒரு பெட்டியில. மத்த பெட்டி ஒன்னைய என்ன செஞ்சுச்சு?

கோவத்துல சொல்லலை அப்பு. சோறு திங்க ஒரு பழக்கம் இருக்கிற மாதிரி, நாடகம் பாக்கவும் ஒரு பழக்கம் இருக்கு. அதை ஒனக்கு யாரும் சொல்லித் தரலை. தப்பு உங்கப்பன் மேல. அவனுக்குச் சொல்லித் தராத தப்பு என் மேல. சரி, இப்ப உக்காரு. காதுல இருக்கிற பஞ்சைக் கழட்டு. பஞ்சு இல்லையா, பாட்டுக் கேக்குற மிசினா? அதைத்தான் கழட்டுங்கிறேன்.

பங்குனிப் பொங்கலுக்கு வாரேன்னு போன்ல சொன்னே. ரெண்டாம் நாள் ராத்திரி நாடகம் இருக்கு, வாய்யான்னேன். ஒடனே நீ மூணு கேள்வி கேட்டே. எத்தனை மணிக்கு ஷோ? எம்புட்டு நேரம் ஓடும்? சீட்டு நம்பர் உண்டா? நானும் வரிசையாச் சொன்னேன். பத்து மணிக்கு மேல ஆரம்பிக்கும். விடிஞ்சா முடியும். பாயை எங்கிட்டு விரிக்கிறியோ அதான் சீட்டு. அதுக்கப்புறம் உன் பக்கத்துல பேச்சே இல்லை. லைன் கட்டாயிருச்சோன்னு நான் நெனச்சேன். ஒனக்கு மூச்சுல்ல கட்டாயிருக்கு.

கொஞ்சம் கழிச்சுப் பைய ஒரு வார்த்தை சொன்னே பாரு, அதை நான் சாகுற வரைக்கும் மறக்கமாட்டேன். "தாத்தா, கதையை மட்டும் சொல்லிராதீங்க. ஸ்பாய்லர் வேணாம்."

ஏய்யா, நாடகத்துக்குப் பேரே வள்ளி திருமணம். வள்ளிக்குக் கல்யாணம் ஆகும்னு நோட்டீசுல கொட்டை எழுத்துல அடிச்சு, டீக்கடைச் செவுத்துல ஒட்டியிருக்கு. மாப்பிள்ளை யாருன்னு பழனி அடிவாரத்துல பஞ்சாமிர்தம் விக்கிறவனைக் கேட்டாலே சொல்லுவான். இதுல நான் எதை மறைக்க? தெரிஞ்ச கதைக்கு எதுக்கு ஊரே கூடுதுன்னு நீ நெனைப்பே. கதை தெரியாதவன் கதைக்காக வாரான். கதை தெரிஞ்சவன் இவன் எப்படிச் சொல்றான்னு பாக்க வாரான். கல்யாண வீட்டுக்கும் அப்படித்தானே போறோம்? தாலி கட்டுவாய்ங்கன்னு தெரிஞ்சேதான் மொய்க் கவரைத் தூக்கிட்டுப் போறோம்.

சாயங்காலம் பஸ்ஸை விட்டு எறங்குனே. முதுகுல மூட்டை. என்னடா இது, மிலிட்டரியில சேந்துட்டானான்னு உங்க அப்பத்தா பயந்துட்டா. ஒண்ணொண்ணா எடுத்து வச்சே. மடக்கு நாற்காலி. கழுத்துக்கு ஒரு தலகாணி, பாக்க மாட்டுக்குக் கட்டுற நுகத்தடி மாதிரியே இருந்துச்சு. கொசுவுக்கு ஒரு களிம்பு. செல்போனுக்குச் சோறு ஊட்ட ஒரு பேட்டரி. தண்ணிக்கு மட்டும் ரெண்டு பாட்டில். நான் எடுத்துட்டு வந்தது ஒரு கோரைப்பாய், ஒரு துண்டு, வெத்தலைப் பை. உங்க அப்பத்தா அதுவும் இல்லை. மத்தியானமே பாயை மேடைக்கு முன்னால விரிச்சு, நாலு மூலையிலயும் கல்லை வச்சுட்டு வந்துட்டா. இந்த ஊர்ல அதுக்குப் பேருதான் ரிசர்வேசன். அந்தக் கல்லை நகட்டுறதுக்கு ஒருத்தனுக்குத் தைரியம் இருக்கா? கேட்டுப் பாரு.

நீ நாற்காலியை விரிச்சு ஜம்முன்னு உக்காந்தே. தரையில ஊரு, அந்தரத்துல நீ. பின்னால இருந்த பொம்பளைக நாலு கடலைத் தோலை எறிஞ்சப்ப, தலையைத் தடவிக்கிட்டு இலை விழுகுதுன்னு மேல பாத்தியே, அங்க எங்கய்யா மரம் இருக்கு? அரைமணி நேரத்துல நாற்காலியை மடக்கிட்டுப் பாய்க்கு வந்துட்டே. நாடகக் கொட்டகைக்கு வேற விதி வேணாம். கடலைத் தோலே போதும்.

இப்ப முக்கியமான சங்கதிக்கு வாரேன். நாடகம் பாக்கணும்னா மொதல்ல தூங்கத் தெரியணும்.

சிரிக்காதே. இது விடிய விடிய நடக்குறது. பகலெல்லாம் வேலை பாத்தவன், புள்ளை தூக்குனவ, களை வெட்டுனவ எல்லாரும் வந்து உக்காந்திருக்காக. அத்தனை பேரும் எட்டு மணி நேரம் கண்ணைக் கொட்டாமப் பாக்கணும்னு எந்த வாத்தியாரும் எழுதி வைக்கலை. நாடகத்தைக் கட்டுனவுகளுக்கே இது தெரியும். அதனாலதான் வேலன், வேடன், விருத்தன்னு முருகனையே மூணு தினுசா விட்டிருக்காக. வேலனா வாரப்ப நீ தூங்கிட்டியா? வேடனா வாரப்ப முழிச்சுக்க. அதையும் விட்டுட்டியா? கிழவனா வருவாரு. சாமியே மூணு தடவை வந்து பாக்குறாரு, நீ ஒரு தடவை முழிச்சாப் போதும்.

அவுகவுகளுக்கு ஒரு முழிப்பு நேரம் உண்டு. எளவட்டப் பயலுக பபூனும் டான்சும் முடியிற வரைக்கும் முழிச்சிருப்பாய்ங்க. நாரதர் வந்து வள்ளிகூடத் தர்க்கம் பண்ணுற எடத்துக்குத்தான் என்னைய மாதிரி வாயாடிக எந்திரிச்சு உக்காருவோம். புள்ளைகளை யானை வாரப்ப எழுப்பிவிடணும், அதுகளே சொல்லிட்டுத்தான் படுக்கும். எழுப்பாமப் போனா மறுநா பூராவும் அழுகைதான். உங்க அப்பத்தா கணக்கு வேற. சொல்றேன், இரு.

நீ என்ன செஞ்சே? ஒரு நிமிசம் விட்டுப்போச்சுன்னா குடி முழுகிப் போகும்னு முழிச்சே. கண்ணுல தண்ணி தெளிச்சே. ஃப்ளாஸ்க்குக் காப்பியை மூணு தடவை குடிச்சே. செல்போனைத் தூக்கிப் பிடிச்சுப் படம் எடுத்தே. பபூன் நேரா நிக்கிறான், நீ அவனைக் கையகலக் கண்ணாடிக்குள்ள தேடுறே. கொளத்துக் கரையில உக்காந்துக்கிட்டு வாளித் தண்ணியில நிலாவைப் பாத்த கதைதான். சரி, எடுத்தியே, ஊருக்குப் போயி அதை ஒரு தடவையாவது பாத்தியா? நெஞ்சுல கைய வச்சுச் சொல்லு.

இதுல ஒரு வேடிக்கை இருக்கு. இந்த வள்ளி திருமணத்தை விடிய விடிய இமை கொட்டாமப் பாத்த ஆளுக முன்னாடியும் இருந்திருக்காக. யாரு தெரியுமா? வெள்ளைக்காரன் காலத்துப் போலீசு. விசுவநாத தாஸ்னு ஒருத்தர். 1886-ல சிவகாசியில பொறந்தவரு. முருகன் வேசத்துல நிப்பாரு, தினைப்புனத்துல பறவை ஓட்டுற எடம் வரும். அங்க பாத்துக் கொக்கைப் பத்தி ஒரு பாட்டை எடுத்து விடுவாரு. கொக்கு வெள்ளைதானே? எந்த வெள்ளையைச் சொல்றாருன்னு கொட்டகைக்கே புரியும். பாட்டு எப்ப வரும், ஆளை எப்பப் பிடிக்கலாம்னு போலீசு முழிச்சுக்கிட்டே கெடக்கும். எத்தனையோ தடவை செயிலுக்குப் போயிட்டு வந்தாரு. திரும்ப வந்தும் அதே வேசம், அதே கொக்கு. 1940 டிசம்பர் 31, மெட்ராசுல முருகன் வேசத்துல மேடையில இருக்கிறப்பவே உயிர் போயிருச்சு. எங்கய்யா இதைச் சொல்றப்ப துண்டை எடுத்து மூஞ்சியைத் தொடச்சுக்கிருவாக. வேர்வைன்னு சொல்லுவாக. மார்கழி மாசத்துலயும் அதே வேர்வை வரும்.

ஆக, கண்ணு அசராம வள்ளி திருமணம் பாத்தது ஒண்ணு அந்தப் போலீசு, இப்ப நீ. அவனுக்காவது சம்பளம் குடுத்தாய்ங்க.

நடுவுல என் காதுல வந்து ஒண்ணு சொன்னே. மெட்ராசுல மூவாயிரம் ரூபா டிக்கெட்டுல ஒரு பாட்டு நாடகம் பாத்தியாம். வெளிநாட்டுத் தினுசாம். நடிகருங்க சனத்துக்குள்ள எறங்கி வந்து கையைக் குலுக்குனாகளாம். அதுக்குப் பேரு இம்மர்சிவ்வாம், இன்டராக்டிவ்வாம். இன்னொரு எடத்துல ஒத்திகையே இல்லாம மேடையிலயே பேசிக்கிட்டாகளாம், அதுக்கு இன்னொரு பேரு வச்சிருக்காகளாம். நீ சொல்லி முடிக்கலை, பபூன் மேடையை விட்டுக் கீழ குதிச்சான். நேரா நம்ம பாய்க்கு வந்தான். உன் கழுத்துத் தலகாணியைக் கழட்டித் தன் கழுத்துல மாட்டிக்கிட்டு, "அண்ணே, வண்டியில பூட்டுங்க, நான் ரெடி"ன்னான். சனம் உருண்டு போச்சு. ஒனக்கு மூஞ்சி செவந்து போச்சு. இம்மர்சிவ்வுக்கு ஒத்த ரூபா டிக்கெட்டு உண்டாய்யா இங்க?

ஒத்திகை கதையைக் கேளு. இந்த நாடகத்துக்கு ஸ்பெஷல் நாடகம்னு ஏன் பேரு வந்துச்சு? அந்தக் காலத்துல கம்பெனி நாடகம்னு இருந்துச்சு. சம்பளத்துக்கு ஆளை வச்சு, ஒண்ணாச் சோறு போட்டு, ஒத்திகை பாத்து, ஊர் ஊராக் கூட்டிட்டுப் போவாக. ஸ்பெஷல்ங்கிறது அப்படி இல்லை. ஒவ்வொரு ஆளையும் அந்த ஒரு ராத்திரிக்குத் தனித்தனியாப் பேசி வரவழைக்கிறது. மதுரை, புதுக்கோட்டை, திண்டுக்கல், காரைக்குடின்னு நடிகர் சங்கம் இருக்கு. ராஜபார்ட் ஒரு ஊர்லருந்து வருவாரு, ஸ்த்ரீபார்ட் இன்னொரு ஊர்லருந்து வரும், ஆர்மோனியம் வேற பஸ்ஸுல வரும். வள்ளியும் முருகனும் அன்னைக்கு ராத்திரி மேக்கப் கொட்டாயிலதான் ஒருத்தரையொருத்தர் பாத்து, சாப்புட்டாச்சான்னு விசாரிச்சுக்கிருவாக. விடியிறதுக்குள்ள கல்யாணம். நீங்கெல்லாம் ஆறு மாசம் செல்போன்ல பேசிப் பழகிட்டு, பெறகு பொருத்தம் இல்லைங்கிறீக.

ஒத்திகை இல்லாம எப்படி ஒட்டுது? எல்லாருக்கும் மனசுல ஒரே ஏடு. அதை எழுதுனவுக சங்கரதாஸ் சுவாமிக. தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டி, 1867-ல பொறந்தவுக. அவுக போட்ட பாட்டையும் வசனத்தையும் வச்சுத்தான் வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி எல்லாம் இன்னைக்கு வரைக்கும் ஓடுது. மதுரையில பையன்களைச் சேத்து ஒரு சபா நடத்துனாக. 1918-ல ஆரம்பிச்சது. டி.கே.எஸ். சகோதரருக அங்க படிச்ச புள்ளைகதான். அபிமன்யு சுந்தரிங்கிற நாடகத்தை ஒரே ராத்திரியில எழுதி முடிச்சாகன்னு டி.கே. சண்முகம் சொல்லியிருக்காரு. கண்ணு முழிக்கவேண்டியவுக அவுக, முழிச்சாக. எழுதுனவுக முழிச்சு எழுதியாச்சு, பாக்குறவனும் எதுக்குய்யா முழிக்கணும்?

சுவாமிக 1922-ல புதுச்சேரியில காலமானாக. நூறு வருசம் தாண்டிப்போச்சு. அவுக எழுதுனதுக்கு நடுவுல, நேத்துப் பேப்பர்ல வந்த கேஸ் வெலையையும் நாரதரு கொண்டாந்து சொருகிட்டாரு பாத்தியா? ஏடு பழசு, சொருகல் புதுசு. வீடு பழசா இருந்தாலும் கூரையை வருசா வருசம் வேயணும்ல?

ஆர்மோனியக்காரரைக் கவனிச்சியா? மேடை ஓரத்துல உக்காந்து, அம்புட்டு நாடகத்தையும் பத்து வெரல்ல பிடிச்சு வச்சிருந்தாரு. வள்ளிக்கு ஒரு அடி மறந்துச்சா, இவரு பின்பாட்டுல எடுத்துக் குடுத்தாரு. ராஜபார்ட்டுக்கு மூச்சு வாங்குதா, இவரு நாலு சொரத்தைச் சுத்திவிட்டு அவருக்கு நேரம் வாங்கிக் குடுத்தாரு. இந்தப் பொட்டியைத்தான் அந்தக் காலத்துப் படிச்சவுக, சொரத்துக்கும் சொரத்துக்கும் நடுவுல குழைய முடியாது, நம்ம சங்கீதத்துக்கு ஆகாதுன்னுட்டாக. 1940-லருந்து 1971 வரைக்கும் ரேடியோவுல ஆர்மோனியத்துக்கே தடை. முப்பது வருசம்! நம்ம கொட்டாயில ஒருத்தனுக்கும் அந்தச் சங்கதி தெரியாது. இவுக பாட்டுக்கு வாசிச்சுக்கிட்டே இருந்தாக. ரேடியோ வேணாம்னா என்ன, மாரியம்மா வேணாம்னு சொல்லலையே.

நானும் யோக்கியம் இல்லை, கேட்டுக்க. எனக்கு இருவது வயசுல, பாட்டுல நான் பெரிய ஆளுன்னு ஒரு நெனப்பு. ஆர்மோனியத்துக்குப் பக்கத்துல போயி உக்காந்துக்கிட்டு, தொடையில தாளம் போட்டுக்கிட்டு, கண்ணை மூடித் தலையை ஆட்டுவேன். ராகம் எது, ஆலாபனை எது, ஒரு எழவும் தெரியாது. ஒரு நா ராஜபார்ட் தொண்டையைக் கனைச்சாரு. நான் "பேஷ்!"னு போட்டுட்டேன். மனுசன் இன்னும் பாடவே ஆரம்பிக்கலை. மிருதங்கக்காரரு சிரிப்பை அடக்க மாட்டாம மேளத்தைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டாரு. பபூன் அதோட விட்டானா? அந்த ராத்திரி பூராவும் எவன் இருமுனாலும் என் பக்கம் திரும்பி, "பேஷ் போடுங்க மாப்ளே"ன்னான். ரெண்டு வருசம் ஊருக்குள்ள எனக்கு அதான் பேரு. உங்க அப்பத்தாளைப் பொண்ணு பாக்கப் போனப்பக்கூட அவுக மாமா ஒருத்தர் இருமிட்டு என் மூஞ்சியைப் பாத்தாரு.

அதனாலதான் சொல்றேன், நட்சத்திரம் போடுறவனைக் கண்டா எனக்கு என் தொடைத் தாளம் ஞாபகம் வந்துருது.

பாட்டுன்னா எங்கய்யா கிட்டப்பாவைத்தான் சொல்லுவாக. செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பா. மைக்கு இல்லாத காலம். கொட்டகைக்குக் கடைசியில துண்டை விரிச்சுத் தூங்குறவனை எழுப்பி உக்கார வைக்கிற தொண்டையாம். அதுக்கு ஈடு கொடுக்க ஒரே ஆளு, கொடுமுடி சுந்தராம்பாள். 1926-ல சிலோன்ல வச்சுத்தான் ரெண்டு பேரும் மேடையில சேந்தாக. அடுத்த வருசம் கல்யாணம். மேடையில அவுக போட்டி போட்டுப் பாடுனதைக் கேக்க மாட்டுவண்டி கட்டிக்கிட்டுப் போவாகளாம். 1933-ல கிட்டப்பா போயிட்டாரு. வயசு இருவத்தேழுதான். அந்தம்மாவுக்கு அதைவிடக் கம்மி. அதுக்கப்புறம் வெள்ளைச் சீலைதான், 1980-ல கண்ணை மூடுற வரைக்கும்.

சரி, அதை விடு. ராத்திரியில அழுத கதை வேணாம்.

சினிமாவையும் பெரிய புதுசுன்னு நெனச்சுக்கிறாதே. 1931-ல காளிதாஸ்னு தமிழ்ப்படம் பேச ஆரம்பிச்சதும், படம் எடுக்குறவுக எங்க போனாக தெரியுமா? நேரா நாடகக் கொட்டாய்க்குத்தான். 1933-ல வள்ளி திருமணமே படமா வந்துருச்சு, டி.பி. ராஜலட்சுமி வள்ளி. மறுவருசம் பவளக்கொடி, தியாகராஜ பாகவதருக்கு அதான் மொதப் படம். நீ பாக்குற சினிமாவுல நின்னா ஒரு பாட்டு, நடந்தா ஒரு பாட்டுன்னு வருதே, எங்கருந்து வந்துச்சுன்னு நெனச்சே? எல்லாம் நம்ம பாய்லருந்து எந்திரிச்சுப் போனதுதான்.

அன்பளிப்பு விசயத்துல மட்டும் ஒன்னோட சேந்து நானும் முணுமுணுத்துக்கிறேன். நல்லாப் பாடுனா அம்பதோ நூறோ குடுக்குறது மொறைதான். ஆனா குடுக்குறவன் பேரு, அவன் அப்பன் பேரு, அவன் வேலை பாக்குற நாட்டுப் பேரு எல்லாத்தையும் வள்ளி மைக்குல வாசிக்கணும்னா எப்படி? யானை துரத்துதுன்னு பதறி ஓடியாற புள்ளை, நடுவுல நின்னு "சிங்கப்பூர்ல இருந்து வந்திருக்கிற அண்ணன் அவர்கள்"னு நிதானமா நன்றி சொல்லுது. யானையும் திரைக்குப் பின்னால பொறுமையா நிக்கிது. பழைய கூத்துக்காரனும் வாங்குனான், இல்லைங்கலை. ஆனா மொய் நோட்டு வாசிக்கத் தனி ஆளு வச்சிருக்கலாம்ல? நம்ம பக்கத்துலயும் பவுசு இருக்கப்பா. உங்க ஊர்ல நட்சத்திரம், எங்க ஊர்ல மைக்கு.

நாரதர் தர்க்கத்துக்கு நீ முழிச்சிருந்தே, அதை ஒத்துக்கிறேன். ஆம்பளை ஒசத்தியா பொம்பளை ஒசத்தியான்னு ஆரம்பிச்சு, வள்ளி அவரை நிக்கவச்சுக் கேள்வி கேட்டுச்சு பாரு. நாரதரு சிப்ளாக்கட்டையைத் தட்டிச் சமாளிச்சாரு. அந்தப் பொண்ணு எத்தனையாவது படிச்சிருக்குன்னு நீ கேட்டே. எனக்குத் தெரியாது. ஆனா ஒரு ராத்திரிக்கு ஒரு நாரதருன்னு, ஒவ்வொரு ஊர்லயும் ஒரு புது ஆளோட மல்லுக்கட்டுற வாய் அது. எந்தப் பள்ளிக்கூடத்துல அம்புட்டுப் பரீச்சை வைக்கிறாக?

தர்க்கம் முடிஞ்சு வேடன் வந்தப்ப மணி மூணு. எனக்கு நேரம் தெரியும், டீக்காரர் ரெண்டாவது கெட்டிலை எறக்குனாரு. நீ அப்பவும் குத்தவச்சு உக்காந்திருக்கே. கண்ணு தெறந்திருக்கு, உள்ள ஆளு இல்லை. விடிய விடிய ராமாயணம் கேட்டவன் சீதைக்கு ராமன் சித்தப்பன்னு சொன்னானாமே, அவன் தூங்குனவன்னுதானே எல்லாரும் சொல்றாக? எனக்கு அதுல சந்தேகம். தூங்குனவன் இப்படி ஒளறமாட்டான். ஒன்னைய மாதிரி தூங்காம முழிச்சுக் கெடந்து, மூளை குழம்பிப் போனவன்தான் அப்படிச் சொல்லியிருப்பான். நல்லாத் தூங்கிட்டுச் சரியான எடத்துல எந்திரிச்சவன் எவனும் சீதையை மாத்தி வைக்கலை.

படுய்யான்னேன். கல்யாணத்துக்கு எழுப்புறேன்னேன். சத்தியமா எழுப்புவீங்களான்னு கேட்டே. சத்தியம்னேன். செல்போன் அதுக்கு முன்னாடியே செத்துக் கெடந்துச்சு, பேட்டரி ஊட்டியும் பொழைக்கலை. அதைப் பாய் ஓரத்துல வச்சுட்டு, அந்த நுகத்தடியை ஒழுங்காத் தலைக்கு வச்சுக்கிட்டு, என் துண்டை இழுத்துப் போத்துனே. அடுத்த நிமிசம் குறட்டை. ஆர்மோனியத்துக்குச் சரியான சுருதியில சேந்துச்சு. மொத தடவையா நீ நாடகம் பாக்குற மாதிரி இருந்துச்சு எனக்கு.

கிழவன் வேசத்துல முருகன் வந்தாரு. வள்ளி தேனும் தினைமாவும் குடுத்துச்சு. கிழவனுக்கு விக்கல் வந்துச்சு. அந்த விக்கலை ஒரு கால்மணி நேரம் விக்குனாரு பாரு! என் வயசு ஆளுகளுக்கு மேடையில மரியாதையான பார்ட் அது ஒண்ணுதான். நான் ரசிச்சுப் பாத்தேன். தண்ணி குடிச்சாரு, நெழல்ல குந்துனாரு, கட்டிக்கிறியான்னு கேட்டாரு, வள்ளி அடிக்காத கொறைதான். உடனே யானையா வரச்சொல்லி அண்ணன் பிள்ளையாரைக் கூப்புட்டாரு. மேளத்துக்கும் சத்தத்துக்கும்னு உக்காந்திருக்கிற ஆல்ரவுண்டுக்காரரு எல்லாத் தோலையும் சேத்து அடிச்சாரு. புள்ளைகளை எல்லாம் ஆத்தாமாருக உலுக்கி எழுப்பிவிட்டாக. கொட்டாயே யானை யானைன்னு கத்துச்சு. நீ மட்டும் பெரண்டு படுத்தே.

அதுக்கப்புறம்தான் வானம் லேசா வெளுத்துச்சு. காத்து குளுகுளுன்னு வந்துச்சு. வேப்பம்பூ வாசம். சரி, கல்யாணத்துக்கு இன்னும் ஒரு பாட்டு இருக்கு, அது வரைக்கும் கண்ணை மட்டும் மூடிக்கிருவோம்னு தூண்ல சாஞ்சேன்.

நீதான் என்னைய உலுக்குனே. "தாத்தா, தாத்தா, கல்யாணம் ஆயிருச்சா?"

கண்ணைத் தெறந்து பாத்தா, திரை எறங்கிக் கெடக்கு. மைக்செட்டுக்காரன் ஒயரைச் சுருட்டுறான். முருகன் பாதி அரிதாரத்தைத் தொடச்சுட்டு, லுங்கியக் கட்டிக்கிட்டு, டீக்கடை பெஞ்சுல உக்காந்து வடையைப் பிச்சுக்கிட்டு இருக்காரு. பக்கத்துல பை. மொத பஸ்ஸுக்குப் பாக்குறாரு.

"ஆயிருச்சுய்யா"ன்னேன்.

"எப்படி இருந்துச்சு?"

நான் வெத்தலைப் பையைத் தேடுற மாதிரி கொஞ்ச நேரம் தேடுனேன். கல்யாணம் எப்படி இருந்துச்சுன்னு எனக்கு மட்டும் என்ன தெரியும்?

உங்க அப்பத்தா இருக்காளே, அவ பத்தரைக்கே பபூன் வாரதுக்கு முன்னாடி படுத்தவ. பபூனையும் பாக்கலை, நாரதரையும் பாக்கலை, யானைச் சத்தத்துக்கும் அசையலை. தாலி கட்டுற மேளத்துக்குச் சரியா எந்திரிச்சு உக்காந்து, பாத்து முடிச்சு, துன்னூறு வாங்கிப் பூசிக்கிட்டு, பாயைச் சுருட்டுறதுக்காக நம்ம ரெண்டு பேரும் எப்ப எந்திரிப்போம்னு நின்னுக்கிட்டு இருந்தா. அவகிட்டத்தான் ரெண்டு பேரும் கேட்டோம்.

"தாலி கட்டுனாக. வேற என்ன செய்வாக? எந்திரிங்க, கல்லை எடுக்கணும்"ன்னா.